வகிடு எடுக்கத் தெரியாதவர்கள்

எந்த கேமை இறக்கினாலும் எனக்கு முதல் அரைமணி நேரம் முடியிலேயே போய்விடும். வாள், குதிரை, மேகம் எல்லாம் அப்புறம். கேமராவைப் பின்னந்தலைக்குச் சுழற்றிக்கொண்டுபோய், காதோரம் முடி எங்கே தொடங்குகிறது, பிடரியில் எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நீ விளையாடப் போறியா, பேன் பார்க்கப் போறியா?" என்பான்.

தொழில் அப்படி. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட். வெளிநாட்டு கேம்களுக்கு வேண்டிய ஆட்களை, அவர்களின் சட்டை, செருப்பு, முடியோடு இங்கிருந்து செய்து அனுப்புகிறோம். கதாநாயகர்கள் எங்கள் கைக்கு அநேகமாக வரமாட்டார்கள். கடைக்காரர், காவலாளி, கூட்டத்தில் பத்தாவது ஆள், இப்படித்தான் வரும்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு வந்தவர் ஒரு நடுவயதுக் கறுப்பினப் பெண். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். முடி, பாக்ஸ் பிரெய்ட். ரெஃபரன்ஸ் ஒரே ஒரு படம், அதுவும் முன்பக்கத்திலிருந்து எடுத்தது. நான் ஒரு பின்னல் செய்தேன். ஒன்று செய்தால் போதும், மீதி எழுபதும் அதன் நகல்தான். தலை முழுக்க நட்டுவிட்டேன். நாற்று நட்டாலாவது வரிசையாக இருக்கும். நான் எங்கே இடமிருந்ததோ அங்கே ஒன்றைச் செருகியிருந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் ஜோராகத்தான் இருந்தது.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் அதைப் பார்த்தவரும் ஒரு கறுப்பினப் பெண் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உச்சந்தலையின் மேல் சிவப்பில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கீழே ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: வகிடு எங்கே?

பாக்ஸ் என்ற பெயரே மண்டையில்தான் இருக்கிறது. தலையைச் சதுரம் சதுரமாக வகிடெடுத்துப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்து முடியையும் அடியிலிருந்து சேர்த்துப் பின்னுவார்கள். பின்னியவரின் கை எப்படிப்பட்டது என்பதை அந்தக் கோடுகளை வைத்துத்தான் சொல்வார்கள். நானோ தினமும் காலையில் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, சீப்பின் முனை நெற்றியிலிருந்து உச்சிக்குக் கோடிழுக்க, "ஆடாதடி, வகிடு கோணுது" என்று திட்டு வாங்கி வளர்ந்தவள். அந்த எனக்கே இந்தப் பெண்ணின் தலைக்கும் வகிடு உண்டு என்று தோன்றவில்லை. கயிறு தொங்கினால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கேம்களில் கறுப்பினப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்கள் தலையில் யார் எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறார்கள் என்று தேடுவது. பழைய கேம்களையெல்லாம் தேடிப் பிடித்து விளையாடினேன்.

1997இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' வழியாக எலெனா வந்தாள். கென்யாக்காரி. வெள்ளை முடி, நீலக் கண், உடம்பில் இரண்டு துண்டுத் துணி, கை கால் கழுத்தெல்லாம் வளையம். பிரேசிலின் கபோயராவை ஆடிச் சண்டை போடுவாள். கென்யாவில் அது எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. ஆனால் அவள் அசைவு இருக்கிறதே! கட்டம் கட்டமாகக் கையால் வரைந்த காலம் அது. எலெனா சும்மா நிற்பதே ஒரு நடனம் மாதிரி இருக்கும். கை சொக்கிப்போய் வரைந்திருக்கிறார்கள். அந்த உடம்புக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

1999இல் பிரிட்டனிலிருந்து 'அர்பன் கேயாஸ்' வந்தது. அதன் நாயகி டார்சி ஸ்டெர்ன் ஒரு போலீஸ்காரி. முழுச் சீருடை, ஒழுங்கான வேலை. இதற்கு அடுத்த படி எங்கே என்று தேடினால் பத்து வருடம் தாண்டி நிற்கிறது 'ரெசிடென்ட் ஈவில் 5'. 2009. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கற்பனை ஊர், அங்கே தொற்று பிடித்த கறுப்பர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுடும் ஒரு வெள்ளை அமெரிக்கர். 2007இல் முன்னோட்டம் வந்தபோதே இது என்ன கண்றாவி என்று கேட்டார்கள். அந்த நாயகரின் கூட்டாளி ஷேவா அலோமார். ஆப்பிரிக்கப் பெண், பயிற்சி பெற்ற ஏஜென்ட், துப்பாக்கி தூக்கினால் குறி தப்பாது. கேமில் அவளுக்கென்று ஒரு பரிசு உடை உண்டு. சிறுத்தைத் தோல் பிகினி. உடம்பெல்லாம் சாயக் கோடு. பன்னிரண்டு வருடம் கழித்தும் எலெனாவின் துணிதான்.

அதே 2009இல் டிமிட்ரி வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 150 கேம்களை எடுத்து அதில் வரும் ஆட்களைத் தலை எண்ணினார்கள். பெண்கள் 100க்கு 15 பேர்கூட முழுசாகத் தேறவில்லை. கறுப்பினத்தவர் 11 பேருக்கும் குறைவு, அவர்களிலும் நிறைய பேர் விளையாட்டு வீரர்கள். இரண்டு எண்ணும் சந்திக்கும் இடத்தில் நிற்பவள் கறுப்பினப் பெண். அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இவர்களிலெல்லாம் பிடித்தவள் அவெலின். 2012இல் சின்ன கையடக்கக் கருவிக்கென்று வந்த 'அசாசின்ஸ் கிரீட் 3: லிபரேஷன்' கேமின் நாயகி. 18ஆம் நூற்றாண்டு நியூ ஆர்லியன்ஸ். அப்பா பிரெஞ்சு வியாபாரி, அம்மா ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். அவெலினுக்கு மூன்று வேஷம். சீமாட்டி உடையில் போனால் காவல்காரன் பல்லிளித்து வழிவிடுவான், ஆனால் சுவர் ஏற முடியாது. அடிமை உடையில் போனால் வேலையாட்களோடு கலந்துவிடலாம், எவனும் முகத்தைப் பார்க்க மாட்டான், ஆனால் கொஞ்சம் பிசகினாலும் சந்தேகம் வந்துவிடும். கொலையாளி உடையில் எல்லா ஆயுதமும் உண்டு, ஊர் முழுக்க எப்போதும் ஒரு கண் இவள்மேல் இருக்கும். அதே பெண், அதே தெரு. துணியை மாற்றினால் சட்டமே மாறுகிறது. கேம் தள்ளாடும், கதை நடுவே அறுந்துபோகும், சண்டை சுமார்தான். இருந்தாலும் இந்த ஒரு யோசனைக்காக அதை மூன்று முறை விளையாடினேன்.

அவள் கதை 1770களோடு முடிகிறது. அதற்குச் சில வருடம் கழித்து, 1786இல், ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மிரோ அதே லூயிசியானாவில் ஓர் ஆணை போட்டார். சுதந்திரமாக வாழும் கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும். அந்தக் கட்டுக்கு டின்யோன் என்று பெயர். அவர்களின் கொண்டை அலங்காரத்தைப் பார்த்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு வயிறெரிந்திருக்கிறது. பெண்கள் என்ன செய்தார்கள்? இருப்பதிலேயே பளபளப்பான துணியை எடுத்து, கல்லும் இறகும் செருகி, முன்னைவிட உயரமாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்த விவகாரம் அதோடு ஓயவுமில்லை. பின்னல் போட்டதற்காக, சடை விட்டதற்காக ஒருவருக்கு வேலையோ பள்ளியில் இடமோ மறுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது 2019இல். கிரவுன் சட்டம் என்பார்கள். அந்த முடிக்குத்தான் நான் எழுபது கயிறு தொங்கவிட்டு அனுப்பினேன்.

என் தரப்பு நியாயமும் கொஞ்சம் உண்டு. கேம்களில் முடி என்பது பெரும்பாலும் முடியே கிடையாது. நீளமான தட்டைப் பட்டைகள். ஹேர் கார்ட் என்போம். பட்டைமேல் முடிக்கற்றையின் படம் ஒட்டி, இடைவெளி வரும் இடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டால், நூறு நூற்றைம்பது பட்டையில் ஒரு தலை தயார். கோரை முடிக்கு இது கச்சிதம். மேலிருந்து கீழே விழும், காற்றுக்கு ஆடும், ஒன்றை ஒன்று மறைக்கும். ஆஃப்ரோ, அதாவது கறுப்பினத்தவரின் நெருங்கிச் சுருண்ட முடி, விழாது. எல்லாத் திசையிலும் எழும்பி நிற்கும், நடுவே வெளிச்சம் புகுந்து வெளியே வரும். அதைப் பட்டையில் செய்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டையின் ஓரம் பல்லைக் காட்டும். நேரம் இல்லாத ஆர்ட்டிஸ்ட் என்ன செய்வார்? ஓர் உருண்டையை வைத்து, மேலே சொரசொரப்பாக ஒரு டெக்ஸ்சரைப் போர்த்திவிடுவார். தலையில் குளியல் ஸ்பாஞ்சைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பட்டைக்கு அடியிலும் இதே கதைதான். 1989இல் கஜியா, கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் ரோமத்தை வரைய ஒரு வழி கண்டுபிடித்து, ஒரு கரடி பொம்மையை வரைந்து காட்டினார்கள். அந்தக் கணக்குதான் மனிதத் தலைகளுக்கும் பல காலம் ஓடியது. 2003இல் மார்ஷ்னர் குழு இன்னும் துல்லியமான ஒன்றைக் கொடுத்தது: ஒளி கண்ணாடிக் குழல் மாதிரியான இழைக்குள் புகுந்து திரும்பி வருவது. ஷாம்பு விளம்பர மினுமினுப்பு வேண்டுமா, அது அற்புதமாக வரும். தோலுக்கும் ஏறக்குறைய இதே விதி. ஒளி தோலுக்குள் புகுந்து சிதறி, மெழுகு மாதிரி உள்ளிருந்து ஒளிர்வதைக் காட்டத்தான் இத்தனை வருட உழைப்பும். அது வெளிர் தோலின் குணம். கறுத்த தோலில் மேலே பட்டுத் தெறிக்கும் பளபளப்புதான் முக்கியம். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியடோர் கிம், முன்பு பிக்ஸார் அனிமேஷன் கம்பெனியில் இருந்தவர், 2020இல் இதை ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார். நாம் மனிதத் தோல், மனித முடி என்று பொதுப்பெயர் வைத்திருப்பதெல்லாம் வெள்ளைக்காரர்களின் தோலும் முடியும்தான் என்றார். எனக்கு அதைப் படித்தபோது கோபம்கூட வரவில்லை. நான் தினமும் அழுத்தும் பட்டன்களைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கிம்மும் கேம் கலைஞர் ஏ.எம். டார்க்கும் இன்னும் இருவரும் சேர்ந்து 2024இல் நெருங்கிச் சுருண்ட முடிக்கென்றே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த முடி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு மூன்று குணம் சொல்கிறார்கள். மண்டைக்கு அருகில் இழைகள் தாறுமாறாகக் கிளம்பி, கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒரே தாளத்துக்கு வந்து சேர்ந்து சுருளும். சில இழைகள் கூட்டத்தோடு சேராமல் ஒரு சுற்றைத் தாண்டிக் குதிக்கும், அந்தப் பஞ்சுத்தன்மை அதனால்தான். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஓர் இழை வலமாகச் சுருண்டுகொண்டே போய் நடுவழியில் இடமாகத் திரும்பிவிடும். பாகற்கொடியின் பற்றுச்சுருளை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பந்தலைப் பிடித்துக்கொண்ட பிறகு நடுவே ஓரிடத்தில் திசை மாறியிருக்கும். அதேதான். கணினி வரைகலையில் இத்தனை வருடம் புகையைக் கணக்காக எழுதினார்கள், தண்ணீரை எழுதினார்கள். இந்த முடியை இப்போதுதான் எழுதியிருக்கிறார்கள்.

டார்க் 2023இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஆஃப்ரோ ஹேர் லைப்ரரி என் கணினியில் எப்போதும் திறந்தே இருக்கும். கறுப்பினக் கலைஞர்கள் செய்த முடி மாடல்கள், இலவசம். எனக்கு அந்தக் கடைக்கார அம்மா வந்தபோது இது இருந்திருந்தால் சிவப்புக் கோடு வந்திருக்காது.

கம்பெனிகள் செய்யாததைப் பல இடங்களில் விளையாடுகிறவர்களே செய்தார்கள். 'தி சிம்ஸ் 4'இல் கறுத்த தோல் எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது என்று நொந்துபோன அமிரா வர்ஜில் என்ற பெண், தானே தோல் நிறங்களைச் செய்து மெலனின் பேக் என்று வெளியிட்டார். கம்பெனி 100க்கும் மேற்பட்ட புதிய நிறங்களைக் கொண்டுவந்தது 2020 டிசம்பரில். கேம் வந்ததோ 2014. 'அனிமல் கிராஸிங்: நியூ லீஃப்' இன்னும் வேடிக்கை. அதில் நிறம் தேர்வு செய்யவே வழியில்லை. கறுப்பாக வேண்டுமென்றால் கோடையில் உங்கள் பொம்மையை வெயிலில் நிறுத்த வேண்டும். சில நாளில் திரும்ப வெளுத்துவிடும். "வெயில்ல அலையாதே, கறுத்துப்போயிடுவே" என்று கேட்டு வளர்ந்த எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. தினமும் போய் வெயிலில் நின்று தன்னைத் தக்கவைத்துக்கொண்ட கறுப்பினச் சிறுமிகளுக்கு வந்திருக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கறுப்பும் அவர்கள் கறுப்பும் ஒன்றல்ல. எனக்கும் சுருட்டை முடிதான், பள்ளியில் கிண்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் எந்த ஆளுநரும் என் பாட்டியின் தலையைத் துணியால் மூடச் சொல்லி ஆணை போடவில்லை. நானும் அவர்களும் ஒரே படகு என்று தோள்மேல் கைபோட ஆசையாகத்தான் இருக்கிறது. கை நீளும்போதெல்லாம் எனக்கு 'ஹேர் நா' ஞாபகம் வந்துவிடும்.

மோமோ பிக்சல் என்ற கறுப்பினக் கலைஞர் 2017இல் செய்த குட்டி பிரௌசர் கேம் அது. ஒரு கறுப்பினப் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், நிறமும் முடியும் உங்கள் விருப்பம். அவள் ஊருக்குக் கிளம்புகிறாள். காரில் உட்கார்ந்திருக்கிறாள், திரையின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கை அவள் முடியைத் தொட நீள்கிறது. தட்டிவிட வேண்டும். அப்புறம் இரண்டு கை. விமான நிலையத்தில் நாலு. விமானத்தில் சொல்லவே வேண்டாம். ஆசையாகத்தான் வருகிறார்கள் எல்லோரும், யாரும் அடிக்க வரவில்லை. இரண்டு நிமிடத்தில் என் விரல் வலித்தது. கடைசித் திரையில், ஆட்டம் முடிந்தது ஆனால் இந்த அனுபவம் முடியவில்லை என்று வரும்.

இனி குரல். 2017இல் 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' வந்தபோது முதல் நாளே வாங்கினேன். மேற்குத் தொடர்ச்சி மலை, ஹொய்சாளர் கோயில்கள், யானை. விடுவேனா? நாயகி குளோயி, பாதி இந்தியர். கூட வருபவர் நதீன் ராஸ், தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண், கூலிப்படைத் தலைவியாக இருந்தவர். இரண்டு பெண்கள், ஆண் துணை தேவைப்படாத கதை, நடுவே ஒரு யானை சவாரி. மனசு நிறைந்து போய்க் கடைசியில் பெயர்களைப் பார்த்தால், குளோயியின் குரல் கிளாடியா பிளாக், நதீனின் குரல் லாரா பெய்லி. இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். இருவரும் கெட்டிக்காரர்கள், நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தியக் காட்டில் ஓர் இந்திய வம்சாவளியும் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணும் பேசிக்கொண்டு போவதாக நான் நம்பிய எட்டு மணி நேரமும் அந்தக் காட்டில் அவர்கள் இருவரும் இல்லை.

'ஓவர்வாட்ச்' கதை தெரியுமா? 2016இல் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வீரர்கள் என்று தம்பட்டம் அடித்து வந்த கேம். 2017இல் ஆப்பிரிக்க நகரம் ஒன்றிலிருந்து ஒரிசா வந்தாள். ரோபோ. அந்த ரோபோவைச் செய்தது எஃபி என்ற 11 வயதுக் கறுப்பினச் சிறுமி, மேதை. அவள் செய்த இயந்திரத்தை நாம் விளையாடலாம், அவளை முடியாது. 2018இல் ஒரு வெள்ளெலி வந்தது. ஆமாம், வெள்ளெலி, உருண்டைக்குள் உட்கார்ந்து உருளும். நாம் விளையாடக்கூடிய முதல் கறுப்பின மனுஷி சோஜர்ன் வர 2022 ஆகிவிட்டது.

நாயகியாக வந்தால் மட்டும் போதுமா என்றால், 2023இல் 'ஃபோர்ஸ்போக்கன்' வந்தது. பெரிய கம்பெனி, பெரிய பட்ஜெட், நாயகி ஃப்ரே ஹாலண்ட். கேம் தொடங்கும்போதே நீதிமன்றக் கூண்டில் நிற்கிறாள். அநாதை, சின்னத் திருட்டு வழக்குகள், அடியாட்கள் துரத்தல், கூட ஒரு பூனை. மாய உலகத்துக்குள் விழுவதற்கு முன்னால் ஒரு கறுப்பினப் பெண் எங்கே நிற்பாள் என்று கேட்டபோது அவர்கள் மனதில் வந்த முதல் இடம் அதுதான் போலிருக்கிறது. எல்லா பாலிசும் போட்ட ஃப்ரேவைவிட 2025இல் வந்த 'சவுத் ஆஃப் மிட்நைட்' நாயகி ஹேஸலிடம் நான் அதிக நேரம் இருந்தேன். அமெரிக்கத் தென்பகுதி, புயல் வருகிற நாள், அம்மாவும் பெண்ணும் சாமான் கட்டிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். நம் வீட்டில் நடக்கிற மாதிரியே, ஒரு விஷயத்தைச் சொல்ல வந்து வேறொன்றில் முட்டிக்கொள்ளும் சண்டை. வெள்ளம் வந்து அம்மாவோடு வீட்டை அடித்துக்கொண்டு போகிறது. சமாதானம் பேசாமல் பிரிந்த பெண் அம்மாவைத் தேடிப் போகிறாள், கையில் நூற்கிற தக்ளியும் கொக்கியும். சண்டைகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்து அலுக்க வைக்கும். ஆனால் அந்த அம்மாவுக்காக முடித்தேன்.

ஹேஸலை விளையாடிக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான்: "இந்த நாயகிகளையெல்லாம் வேணும்னே வைக்கிறாங்கக்கா, தெரியலையா உனக்கு?"

"வேணும்னேதாண்டா."

அவன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான், ஏமாந்துபோனான். எனக்கு வேறு பதில் தெரியவில்லை. சினிமாவில் கேமராவை வைத்தால் பின்னால் யாரோ ஒருவர் தானாக நடந்து போய்விடுவார். கேமில் ஒரு கூழாங்கல் கூடத் தானாக வராது. அதை ஒருவர் செய்ய வேண்டும், இன்னொருவர் அதற்கு நாள் ஒதுக்க வேண்டும், மூன்றாமவர் சரி பார்க்க வேண்டும். தலையில் வகிடு இருந்தால் யாரோ வேண்டுமென்றே எடுத்தது. இல்லாவிட்டால், எங்களைப் போல ஒரு ஸ்டுடியோவில் யாரோ ஒருத்திக்குத் தோன்றவில்லை.

அந்தக் கடைக்கார அம்மாவின் தலையை நான் திரும்பச் செய்தேன். முதலில் மண்டையில் கோடு போட்டேன். நெற்றியிலிருந்து பிடரிவரை வரிசை, செங்கல் அடுக்குகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி, ஒரு வரிசையின் கோடு அடுத்த வரிசையின் நடுவில் வந்து விழும்படி. அப்படி எடுத்தால்தான் பின்னல் தொங்கும்போது இடையில் மண்டை தெரியாது. அதையும் அந்தச் சிவப்புக் கோடு போட்டவர்தான் சொல்லிக்கொடுத்தார். நாலு நாள் ஆனது, மூன்றாம் நாள் என் லீட் மேசைக்கு வந்து, "யாரும்மா உச்சந்தலையைப் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்னதும் சரிதான். கேம் வெளியானதும் வாங்கினேன். கேமுக்குள் அந்த அம்மாவின் கடைக்குப் போனேன். கேமரா அவர் முகத்துக்கு நேராகவே நிற்கிறது, மேலே தூக்க முடியவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். கடை வாசலில் நிற்கிறார், ஆனால் தூரம் அதிகமானதால் கேம் அவருக்குப் பதில் எடை குறைந்த மாடலைப் போட்டிருந்தது, தலை வெறும் கறுப்புக் குல்லாய். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். பாதிப் படியில் நின்றபோது அவர் குனிந்து எதையோ எடுத்தார். கோடு தெரிந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் லேசாகக் கோணியிருந்தது.

"பேன் பார்த்தது போதும், கன்ட்ரோலரைக் கொடு" என்றான் தம்பி.